‘சேவ் ஆகல’ என்றால் முதலில் கையை எடுங்கள்

கும்பகோணத்துப் பக்கம் ஒரு கல்யாணம் என்று வைத்துக்கொள்வோம். மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலத்தில் நாலு மணி நேரம் ஒலித்த நாகஸ்வரமும் தவிலும் லேப்டாப்பில் பதிவாகியிருக்கின்றன. ஸ்டுடியோ பையன் பென் டிரைவைச் செருகி, ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் ‘சேவ்’ அழுத்துகிறான். திரையில் பிழைச் செய்தி. மறுபடி அழுத்தினாலும் அதேதான். பதற்றத்தில் ஜன்னலை மூடுகிறான். ‘சேமிக்கவா?’ என்று மென்பொருள் கேட்க, எரிச்சலில் ‘வேண்டாம்’ என்கிறான். கச்சேரி தொலைந்தது அந்த ஒரு சொடுக்கில்தான். அதற்கு முன்புவரை ஒலி பத்திரமாகத்தான் இருந்தது.

சேமிப்பு ஏன் தடைபட்டது? கணக்குப் போட்டால் தெரியும். ஆடாசிட்டியின் வழக்கமான அமைப்பில் ஒரு நிமிட ஸ்டீரியோ ஒலிக்கு ஏறத்தாழ 21 எம்பி இடம் வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு 1.27 ஜிபி, நாலு மணி நேரத்துக்கு 5 ஜிபிக்கு மேல். கடையில் கிடைக்கும் சிறிய பென் டிரைவ்கள் பலவும் ஃபேட்32 அமைப்பில் வருபவை. அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு நிற்காது. பல மூட்டை கொள்ளும் குதிர்தான்; ஆனால் வாய் சிறியது. அதனால்தான் புதிய ஆடாசிட்டி அத்தகைய டிரைவில் புராஜெக்டைச் சேமிக்கவே மறுக்கிறது. டிரைவை என்டிஎஃப்எஸ் அமைப்புக்கு மாற்றினால் தீரும். ஆனால் ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். முதலில் நகல் எடுக்க வேண்டும்.

இன்னொரு குழி, கோப்பின் அமைப்பு மாறியதில் இருக்கிறது. 2021 மார்ச்சில் வந்த 3.0 பதிப்புக்கு முன்பு, ஆடாசிட்டி புராஜெக்ட் என்பது ஒரு சின்னக் கோப்பும், ‘டேட்டா’ என்று முடியும் ஒரு ஃபோல்டரும் சேர்ந்தது. ஒலி முழுக்க அந்த ஃபோல்டருக்குள் துண்டு துண்டாகக் கிடக்கும். சின்னக் கோப்பை மட்டும் நகலெடுத்துப் போனவர்களுக்கு மிஞ்சியது வெறும் கூடு. காவிரி டெல்டாவில் நடவுப் பாட்டைப் பதிந்து வைத்திருக்கும் மாணவர்களும் ஆய்வாளர்களும் பழைய ஹார்டு டிஸ்க்கை ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது. இயந்திர நடவு வந்த பிறகு அந்தப் பாட்டுகளை வயலில் கேட்பது அரிது. ஃபோல்டர் கூடவே இருந்தால், புதிய பதிப்பில் திறந்ததும் அது ஒற்றைக் கோப்பாக மாறிவிடும்.

புதிய கோப்புக்கும் ஒரு வால் உண்டு. வேலை நடக்கும்போது புராஜெக்டின் பக்கத்திலேயே ‘வால்’ என்று முடியும் ஒரு கோப்பு முளைக்கும். கடைசியாகச் செய்த மாற்றங்கள் அதில்தான் இருக்கும். குப்பை என்று நினைத்து அதை அழிப்பவர்கள் உண்டு.

பிழை வந்தால் செய்ய வேண்டியவை சில. ஜன்னலை மூடாதீர்கள். கணினியின் உள் டிஸ்க்கில் இடம் இருக்கிறதா பாருங்கள். பிறகு ஒலியை வேவ் கோப்பாக ‘எக்ஸ்போர்ட்’ செய்யுங்கள். 16 பிட் வேவில் நாலு மணி நேரம் சுமார் 2.5 ஜிபிதான், ஃபேட்32 டிரைவும் அதை ஏற்கும். அதன் பிறகு புராஜெக்டை வேறு ஃபோல்டரில் சேமித்துப் பாருங்கள். ஒன்டிரைவ் போன்ற மேகச் சேமிப்போடு இணைந்த ஃபோல்டர் வேண்டாம். கோப்பு திறந்திருக்கும்போதே அது நகலெடுக்கப் பார்க்கும். விண்டோஸின் ரான்சம்வேர் பாதுகாப்பை யாராவது இயக்கி வைத்திருந்தால், டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் எழுத மென்பொருளுக்கு அனுமதி கிடைக்காது. அமைப்புகளில் போய் ஆடாசிட்டிக்கு மட்டும் அனுமதி தரலாம்.

கரெண்ட் போவது டெல்டாவுக்குப் புதிதில்லை. 2018 நவம்பர் 16 அன்று கரை கடந்த கஜா புயலுக்குப் பிறகு பல கிராமங்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. மேசைக் கணினியில் பதிபவர்களுக்கு யுபிஎஸ் கட்டாயம். பாதியில் அணைந்தாலும், மறுபடி திறக்கும்போது ஆடாசிட்டி மீட்புப் பட்டியல் ஒன்றைக் காட்டும். அதில் ‘ரெக்கவர்’ என்பதை அழுத்துங்கள். ‘டிஸ்கார்ட்’ பக்கம் விரல் போக வேண்டாம்.

ஆடாசிட்டி இலவசம். விலையுள்ள மென்பொருள்களின் திருட்டுப் பிரதிகளை நிறுவுவோருக்கு இரட்டை ஆபத்து. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்கள் பலவும் அவற்றோடுதான் நுழைகின்றன. அப்படி நடந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்கலாம். இன்னொரு பக்கம், திருட்டுப் பிரதி என்று தெரிந்தே பயன்படுத்துவது பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி குற்றம். 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் அதில் சொல்லப்பட்டிருக்கின்றன.

பணம் வாங்கிய ஸ்டுடியோ பதிவைத் தொலைத்தால்? 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அது சேவைக் குறைபாடு என்று வாதிடலாம். முதலில் 1915 எண்ணில் புகார் சொல்லலாம். தீராவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு. ஸ்டுடியோ வெளியூரில் இருந்தாலும் புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. இலவச மென்பொருளைத் தயாரித்தவர்மேல் இந்த வழி செல்லாது. சட்டம் இலவசச் சேவையைக் கணக்கில் எடுப்பதில்லை.

வாசித்த வித்வானுக்கும் உரிமை உண்டு. நிகழ்த்துநர் உரிமை 50 ஆண்டு நீடிக்கும். அவர் சம்மதமின்றி அந்தப் பதிவை யூடியூபில் ஏற்றுவது அதை மீறுவதாகும்.

அட்வான்ஸ் கொடுக்கும்போதே ரசீதில் மூன்று விஷயம் எழுதி வாங்குங்கள்: அசல் வேவ் கோப்பு எந்தத் தேதியில் கைக்கு வரும், ஸ்டுடியோ தன் நகலை எத்தனை மாதம் வைத்திருக்கும், அதை வெளியிட வித்வான் ஒப்புக்கொண்டாரா. ஆணையத்தின் முன் நிற்க நேர்ந்தால், வாட்ஸ்அப் உரையாடலோடு இந்த ரசீதும் கையில் இருக்க வேண்டும்.