திரையிலிருந்து கோட்டைக்கு – 9: மகளுக்குப் பங்கு எழுதிய நடிகர்

பெரம்பலூர் மாவட்டம் எறையூர்ப் பக்கம் பூர்வீக நிலம் ஒன்று கைமாறுகிறது என்றால், பத்திரம் எழுதுகிறவர் முதலில் கேட்கும் கேள்விகளில் ஒன்று: "கூடப்பொறந்த பொம்பளைப் புள்ளைங்க எத்தனை பேரு?" வாரிசுச் சான்றிதழில் பெயருள்ள மகள்கள் எல்லாரும் வந்தாக வேண்டும். ஆத்தூரில் வாழ்க்கைப்பட்டவர் வருகிறார், விருத்தாசலத்தில் இருப்பவர் வருகிறார், திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போனவரும் ஒருநாள் விடுப்புப் போட்டு வருகிறார். அவர்கள் கையெழுத்து இல்லாமல் பத்திரம் நிற்காது.

பெண்ணின் கையெழுத்துக்கு இந்த எடை தானாக வந்துவிடவில்லை. அதை முதலில் சட்டப் புத்தகத்தில் ஏற்றிய அரசுகளில் ஒன்றுக்குத் தலைமை வகித்தவர் ஒரு நடிகர். நம் மாவட்டத்தில் ஒரு தேர்தலிலும் நிற்காதவர், நம் மொழி பேசாத ஆந்திரத்தை ஆண்டவர்: என்.டி.ராமராவ்.

சென்ற வாரம் நடிகர் நெப்போலியனைப் பார்த்தோம். 2009-ல் பெரம்பலூர் மக்களவைத் தொகுதி அவரைத் தேர்ந்தெடுத்து, மத்திய அரசில் இணை அமைச்சராக உட்கார வைத்தது. நடிகரை நம்பி வாக்களிப்பது நம் ஊருக்குப் புதிதில்லை. அப்படி வாக்களிக்கிறவர்கள் ஒரு நடிகரின் ஆட்சியை எதை வைத்து அளக்க வேண்டும் என்று சொல்லத்தான் இந்த வாரம் எல்லை தாண்டிப் போகிறேன்.

மூன்று வாரச் சார்பதிவாளர்

கிருஷ்ணா மாவட்டம் நிம்மகூரு கிராமத்தில் 1923 மே 28 அன்று விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் ராமராவ். மாணவனாக இருந்தபோது விஜயவாடா ஓட்டல்களுக்குப் பால் ஊற்றியவர். குண்டூர் ஆந்திர கிறித்தவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1947-ல் சென்னை மாகாண அரசுத் தேர்வு எழுதி வேலைக்குச் சேர்ந்தார். கிடைத்த வேலை சார்பதிவாளர். இடம், குண்டூர் மாவட்டம் பிரத்திபாடு. அன்று குண்டூரும், பெரம்பலூர் அடங்கிய திருச்சியும் ஒரே மாகாணம். எறையூர்க்காரர் பத்திரம் பதிந்த அதே பதிவுத்துறையில்தான் அவரும் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மூன்று வாரத்தில் வேலையை உதறிவிட்டுச் சினிமா தேடிச் சென்னைக்கு ரயிலேறினார்.

1949-ல் எல்.வி.பிரசாத்தின் 'மன தேசம்' படத்தில் போலீஸ் இன்ஸ்பெக்டராகச் சின்ன வேடம். 1951-ல் கே.வி.ரெட்டியின் 'பாதாள பைரவி' அவரை நட்சத்திரமாக்கியது. 1957-ல் 'மாயாபஜார்' தெலுங்கிலும் தமிழிலும் வந்தது. கண்ணனாக ராமராவ் நின்றார். 1958-ல் 'சம்பூர்ண ராமாயணம்' தமிழில் வந்தபோது ராமர் அவர். பரதன் சிவாஜி கணேசன். 1963-ல் 'லவகுசா', 1964-ல் பி.ஆர்.பந்துலுவின் 'கர்ணன்'. தேரோட்டியாகப் புன்னகைத்த அந்தக் கிருஷ்ணரைத்தான் தமிழ்நாட்டில் ஒரு தலைமுறை மனத்தில் வைத்துக்கொண்டது. திருப்பதிக்கு வரும் ஆந்திர யாத்திரிகர்கள் மலையிறங்கியதும் பஸ்ஸைச் சென்னைக்குத் திருப்பி, தியாகராய நகரில் அவர் வீட்டு வாசலில் காத்திருந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

படங்கள் ஏறக்குறைய முந்நூறு. அவற்றைத் தனியாகவே எழுதலாம். நம் கதைக்கு இது போதும்.

ஒன்பது மாதம்

1978-ல் தொடங்கிய ஐந்தாண்டுக் காலத்தில் ஆந்திரத்துக்கு நான்கு காங்கிரஸ் முதலமைச்சர்கள். யார் வர வேண்டும், யார் போக வேண்டும் என்பது டெல்லியில் முடிவானது. 1982 தொடக்கத்தில் ஹைதராபாத் விமான நிலையத்தில் முதலமைச்சர் அஞ்சய்யாவை ராஜீவ் காந்தி எல்லார் முன்னிலையிலும் கடிந்துகொண்டது தெலுங்கு மக்களைச் சுட்டது. அந்த மார்ச் 29 அன்று ராமராவ் தெலுங்கு தேசம் கட்சியைத் தொடங்கினார். பழைய செவர்லே வண்டியை மேடையாக மாற்றி, 'சைதன்ய ரதம்' என்று பெயரிட்டு, மகன் ஹரிகிருஷ்ணா ஓட்ட, மாநிலம் முழுக்கச் சுற்றினார். சாலையோரத்திலேயே குளியல், சாப்பாடு, தூக்கம். 1983 ஜனவரியில், கட்சி தொடங்கி ஒன்பது மாதமே ஆன நிலையில், 294 இடங்களில் 200-க்கும் மேல் வென்று முதலமைச்சரானார்.

அந்தக் கூட்டங்களில் முன்வரிசை நிறையப் பெண்கள். அவர்களுக்கு அவர் 'அண்ணா'. இந்த உறவை அவர் வாக்குக்காக மட்டும் வைத்துக்கொண்டாரா, இல்லை அண்ணன் செய்ய வேண்டிய கடமையையும் செய்தாரா என்பதுதான் என் கேள்வி.

சென்னையும் ஹைதராபாத்தும்

அப்போது இங்கே எம்.ஜி.ஆர். ஆட்சி. இரண்டு நடிகர்களும் ஒருவர் செய்ததை ஒருவர் கவனித்துக்கொண்டே இருந்தார்கள். பரம்பரையாக வந்த கர்ணம், முன்சீப் பதவிகளை எம்.ஜி.ஆர். 1980-ல் ஒழித்தார், ராமராவ் 1984-ல் ஒழித்தார். ராமராவ் 1985-ல் மேலவையைக் கலைத்தார். மறு ஆண்டு எம்.ஜி.ஆர். கலைத்தார். 1983 ஏப்ரலில் இருவரும் தெலுங்கு கங்கை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். கிருஷ்ணா தண்ணீர் 1996 செப்டம்பரில் தமிழ்நாட்டு எல்லைக்கு வந்து சேர்ந்தபோது இருவருமே உயிரோடு இல்லை.

கிலோ 2 ரூபாய் அரிசி, 1983-ல் திருப்பதியில் பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம், தாலுகாக்களைப் பிரித்து மண்டலங்கள் என்று ராமராவின் பட்டியல் நீளும். அந்தப் பட்டியலில் எதையும்விட ஆழமாக வீட்டுக்குள் போனது மகளுக்கான சொத்துரிமைச் சட்டம். அதற்குக் கிடைத்த வெளிச்சமோ மிகக் குறைவு.

பன்னிரண்டு ஏக்கர் கணக்கு

1956-ல் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டம், அப்பா தானே சம்பாதித்த சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு கொடுத்தது. அவர் உயில் எழுதாமல் இறந்தால் இந்தக் கணக்கு. பூர்வீகச் சொத்து கதையே வேறு. அதில் மகனுக்குப் பிறக்கும்போதே பங்கு. மகளுக்கு அப்படிக் கிடையாது. அப்பா இறந்தபின், அப்பாவின் பங்கில் மட்டும் அவளுக்கு ஒரு துண்டு.

நம் ஊர்க் கணக்கிலேயே போட்டுப் பார்ப்போம். பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் பூர்வீக மானாவாரி நிலம் 12 ஏக்கர். அப்பா, அம்மா, இரண்டு மகன்கள், ஒரு மகள். அப்பா உயில் எழுதாமல் இறந்துவிடுகிறார். பழைய சட்டப்படி அப்பாவுக்கும் இரு மகன்களுக்கும் ஆளுக்கு 4 ஏக்கர் என்று முதலில் பிரிப்பார்கள். அப்பாவின் 4 ஏக்கரை மனைவி, இரு மகன்கள், மகள் என்று நாலாகப் பிரிப்பார்கள். முடிவில் மகனுக்கு ஆளுக்கு 5 ஏக்கர். மகளுக்கு 1 ஏக்கர்.

ராமராவின் அரசு கொண்டுவந்த திருத்தம், மகளுக்கும் மகனைப் போலவே பிறப்பால் பங்கு உண்டு என்றது. இப்போது அப்பா, இரு மகன்கள், மகள் என நாலு பங்கு; ஆளுக்கு 3 ஏக்கர். அப்பாவின் 3 ஏக்கர் மறுபடி நாலாகப் பிரியும். மகன்களுக்கும் மகளுக்கும் ஆளுக்கு மூன்றே முக்கால் ஏக்கர். ஓர் ஏக்கர்க்காரி மூன்றே முக்கால் ஏக்கர்க்காரி ஆனாள். அம்மாவின் பங்கு மட்டும் ஓர் ஏக்கரிலிருந்து முக்காலாகக் குறைந்தது. அந்தக் குறையை எந்தத் திருத்தமும் இன்றுவரை தீர்க்கவில்லை.

1986-ல் வெளியான அந்த ஆந்திரச் சட்டம் 1985 செப்டம்பர் 5 முதல் செல்லும் என்றது. கேரளம் 1975-ல் கூட்டுக் குடும்பச் சொத்து முறையையே ஒழித்து வேறு வழியில் போயிருந்தது. கூட்டுக் குடும்பத்தை வைத்துக்கொண்டே மகளையும் சம பங்காளியாக்கிய முதல் மாநிலம் ஆந்திரம்தான்.

செங்கல்பட்டு விதை

இந்த எண்ணத்தின் வேர் நம் மண்ணில் இருக்கிறது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெண்ணுக்கு ஆணுக்குச் சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. தீர்மானத்துக்கும் சட்டத்துக்கும் இடையில் அறுபது ஆண்டுகள் ஓடின. கலைஞர் கருணாநிதி 1989-ல் மறுபடி முதலமைச்சரானதும் இந்தத் திருத்தத்தைக் கொண்டுவந்தார். 1989 மார்ச் 25 முதல் தமிழ்நாட்டு மகளும் பூர்வீகச் சொத்தில் பங்காளி. செங்கல்பட்டில் ஊன்றிய விதை ஹைதராபாத்தில் முளைத்துத் தமிழ்நாட்டுக்குத் திரும்பி வந்தது. தீர்மானம் போட்ட பெரியாருக்கும் சட்டமாக்கிய இரு முதலமைச்சர்களுக்கும் நம் பெண்கள் கடன்பட்டிருக்கிறார்கள். 1994-ல் கர்நாடகமும் மகாராஷ்டிரமும் பின்தொடர்ந்தன.

குறைகளும் உண்டு

ராமராவின் சட்டத்தில் பெரிய ஓட்டை இருந்தது. குறிப்பிட்ட தேதிக்கு முன்பே கல்யாணமான மகளுக்குப் பிறப்பால் வரும் பங்கு இல்லை. தமிழ்நாட்டுச் சட்டமும் அதே வரியை வைத்துக்கொண்டது. 1989 பிப்ரவரியில் தாலி கட்டிக்கொண்ட அக்காவுக்கு அந்தப் பங்கு இல்லை. அடுத்த தையில் கட்டிக்கொண்ட தங்கைக்குச் சம பங்கு. ஒரே வயிற்றில் பிறந்தவர்களைச் சட்டமே இரண்டாக வகுத்தது.

அவர் ஆட்சியிலும் குறைகள் நிறைய. அரசு ஊழியர் ஓய்வு வயதை 58-லிருந்து 55 ஆக ஒரே அடியில் குறைத்து ஆயிரக்கணக்கான குடும்பங்களைத் தவிக்க விட்டார். எல்லா அதிகாரத்தையும் தன் கையில் வைத்துக்கொண்டார். 1984 ஆகஸ்டில் அவரை ஆளுநர் பதவி நீக்கியபோது நாடே கொதித்து, ஒரே மாதத்தில் நாற்காலி திரும்பக் கிடைத்தது. ஆனால் 1989-ல் அதே மக்கள் அவரைத் தோற்கடித்தார்கள்; கல்வகுர்த்தித் தொகுதியில் அவரே தோற்றார். 1994 டிசம்பரில் பெரும் வெற்றியோடு திரும்பியவரை, ஒன்பது மாதத்துக்குள் மருமகன் சந்திரபாபு நாயுடு சொந்தக் கட்சி எம்.எல்.ஏ.க்களோடு சேர்ந்து இறக்கினார். 1996 ஜனவரி 18 அன்று, 72 வயதில் ராமராவ் இறந்தார்.

கட்சி கை மாறியது, ரதம் நின்றது. மகளின் பங்கு நின்று நிலைத்தது. 2005 செப்டம்பர் 9 முதல் மத்தியச் சட்டமே திருத்தப்பட்டு, கல்யாணமான மகள், ஆகாத மகள் என்ற பிரிவினை போனது. 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், மகளின் பங்கு பிறப்பால் வருவது, 2005-ல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று தெளிவாக்கியது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பு முறையாக முடிந்த பாகப்பிரிவினைகள் மட்டும் இதற்கு வெளியே.

விடுதலைப் பத்திரம்

ஆக, மகளைப் பொறுத்தவரை சட்டம் முழுமையாகிவிட்டது. நடப்பு என்ன? சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வரும் மகள்களில் எத்தனையோ பேர் பங்கு வாங்க வருவதில்லை. பங்கை விட்டுக் கொடுக்க வருகிறார்கள். எழுதப்படுவது விடுதலைப் பத்திரம். "ஒனக்குத்தான் நகை போட்டு, சீர் செஞ்சு அனுப்பினோமே, ஒரு கையெழுத்துதானே தங்கச்சி" என்பார்கள். போடாவிட்டால் அண்ணன் வீட்டு வாசல் அடைந்துவிடும், பிள்ளைகளின் காதுகுத்துக்குத் தாய்மாமன் சீர் வராது என்ற பயம் அவளுக்கு. அந்தப் பயத்தில் மூன்றே முக்கால் ஏக்கர் ஒரு கையெழுத்தில் போகிறது.

அண்ணன்மார் எல்லாரும் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. கடன் வாங்கித் தங்கைக்குக் கல்யாணம் செய்து, கரும்பை எறையூர் ஆலைக்கு அனுப்பிப் பணத்துக்குக் காத்திருந்து அந்தக் கடனை அடைத்தவர்கள் உண்டு. ஆனால் சீர் என்பது அன்பு. பங்கு என்பது உரிமை. ஒன்றைக் கொடுத்து மற்றதை எழுதி வாங்குவது நியாயமில்லை. தங்கை மனமுவந்து விட்டுக் கொடுத்தால் அது அவள் பெருந்தன்மை. கேட்டு, அழுத்தி, பயமுறுத்தி வாங்கினால் அதன் பெயர் பறிப்பு.

திரையில் கிருஷ்ணராக நின்றவரை மக்கள் கும்பிட்டார்கள். அரசியலில் அவர் செய்த நல்லதைக் கும்பிட்டுப் பயனில்லை. அதை எடுத்துப் பயன்படுத்த வேண்டும். இனி எந்த நடிகர் வாக்குக் கேட்டு வந்தாலும் கூட்டத்தின் அளவைப் பார்க்காமல், "எங்கள் வீட்டுக்குள் எந்த அநியாயத்தைச் சட்டம் போட்டு மாற்றுவாய்?" என்று கேளுங்கள்.

பிறந்த வீட்டிலிருந்து கையெழுத்துக்கு அழைப்பு வரும் பெண்களுக்கு ஒரு வார்த்தை. பத்திரத்தை முழுவதும் படிக்காமல், அல்லது நம்பும் ஒருவரைக் கொண்டு படிக்கச் சொல்லிக் கேட்காமல், கை வைக்காதீர்கள். விடுதலைப் பத்திரம் பதிவாகிவிட்டால் திரும்பப் பெறுவது மிகக் கடினம். வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பாருங்கள். அந்த நிலம் பூர்வீகமா, அப்பா சம்பாதித்ததா என்று கேளுங்கள். பெரம்பலூரிலும் அரியலூரிலும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமான வரம்பு எதுவும் பார்க்காமல் அங்கே வக்கீல் உதவி இலவசம். 15100 என்ற எண்ணில் அழைத்தும் கேட்கலாம். கேட்ட பிறகு விட்டுக் கொடுப்பதா, வாங்கிக்கொள்வதா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

(தொடரும்)