உப்பில் ஒளிந்திருக்கும் உலோகம்

கிப் கருவி, சோதனைக் குழாய்கள்

ஓர் உப்பில் எந்த உலோகம் உள்ளது என்பதை வீழ்படிவின் நிறம் காட்டிக்கொடுக்கும். தமிழ்நாட்டில் மேல்நிலை வகுப்பில் வேதியியல் படிப்பவர்களுக்குப் பழக்கமான சோதனை இது.

இச்சோதனைக்கு வேண்டிய வாயுவைத் தருவது கிப் கருவி. மூன்று குமிழ்கள் கொண்ட இக்கருவியை நெதர்லாந்தைச் சேர்ந்த பெட்ரஸ் யாகோபஸ் கிப் 1844-இல் உருவாக்கினார். நடுக்குமிழில் இருக்கும் இரும்பு சல்பைடின் மேல் அமிலம் பட்டதும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு வெளிவரும். ஆய்வகத்தின் அழுகிய முட்டை நாற்றம் இதனுடையதே. திருகை மூடினால், சேரும் வாயுவே அமிலத்தைக் கீழே தள்ளி வினையை நிறுத்திவிடும், அருமையான ஏற்பாடு.

அமிலம் கலந்த கரைசலில் இவ்வாயுவைச் செலுத்தினால் செம்பும் ஈயமும் கருநிறமாக வீழ்படியும். துத்தநாகம் கரைசலிலேயே தங்கும். அம்மோனியா சேர்த்த பிறகுதான் வெண்மையாக வீழும்.

எல்லாவற்றிலும் அழகானது ஈயத்தின் சோதனை. ஈயக் கரைசலில் பொட்டாசியம் அயோடைடு விட்டால் மஞ்சள் வீழ்படிவு கிடைக்கும். அதைக் கொதிநீரில் கரைத்து ஆறவிடுங்கள்: பொன்னிறத் துகள்கள் மினுமினுத்தபடி மெல்ல அடியில் இறங்கும்.

ஈய உப்புகளும் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவும் நச்சுத்தன்மை உடையவை. ஆசிரியர் துணையின்றி இச்சோதனைகளைச் செய்ய வேண்டாம்.