பழைய மைக்ரோசர்வர்: வீட்டுக்கு ஒரு பைல் பெட்டகம்

உங்கள் வீட்டில் போட்டோக்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். பழைய லேப்டாப்பில் கொஞ்சம், இரண்டு மொபைல்களில் கொஞ்சம், எந்த டிராயரில் வைத்தோம் என்று தெரியாத பென் டிரைவில் கொஞ்சம். இவற்றை எல்லாம் ஒரே இடத்தில் சேர்த்து, எந்த அறையில் இருந்தும் பார்க்க முடிந்தால் நல்லதுதானே? இதற்குப் புதிய கருவி வாங்க வேண்டியதில்லை. அலுவலகங்கள் கழித்துவிடும் சிறிய சர்வர் ஒன்று போதும்.

என் அலுவலகத்தில் பழைய சாமான்களை விற்றபோது நான் வாங்கியது எச்.பி. புரோலயன்ட் மைக்ரோசர்வர் என்40எல். 2011-ல் வந்த மாடல். உயரம் சுமார் 27 செ.மீ., அகலம் 21 செ.மீ.தான். உள்ளே 1.5 கிகாஹெர்ட்ஸ் ஏ.எம்.டி. டூரியான் பிராசசர், நான்கு ஹார்ட் டிஸ்க் பொருத்தும் தட்டுகள், ஒரு கிகாபிட் நெட்வொர்க் போர்ட். இன்றைய கணக்கில் இது மெதுவான பிராசசர். ஆனால் பைல்களை வைத்துக் கொடுப்பதற்கு அந்த வேகம் தாராளம்.

வாங்கியதும் கவனிக்க வேண்டியவை

முதலில் தூசியைத் துடைத்து, மதர்போர்டில் உள்ள சி.ஆர்.2032 பட்டன் பேட்டரியை மாற்றுங்கள். ரேம் 2 ஜிபி மட்டும் இருந்தால் 4 ஜிபி ஆக்குங்கள். சாதாரண டிடிஆர்3 ரேம் பொருந்தும். பெரிய சர்வர்களில் இருந்து கழற்றிய ‘ரெஜிஸ்டர்டு’ ரேம் வேலை செய்யாது. ரேம் போட வேண்டுமானால் மதர்போர்டின் கேபிள்களைக் கழற்றி, அதைத் தட்டோடு வெளியே இழுக்க வேண்டும். கழற்றும் முன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

சர்வரோடு வந்த பழைய ஹார்ட் டிஸ்க்கை நம்ப வேண்டாம். டேட்டாவுக்குப் புதிய டிஸ்க் வாங்குவதே நல்லது. பழையதையே பயன்படுத்துவதானால் அதன் ‘ஸ்மார்ட்’ அறிக்கையைப் பாருங்கள். ‘ரீஅலொகேட்டட் செக்டர்’, ‘பெண்டிங் செக்டர்’ ஆகிய இரண்டிலும் எண்ணிக்கை பூஜ்யமாக இருக்க வேண்டும்.

சாப்ட்வேர்

நான் போட்டது ஓப்பன் மீடியா வால்ட். டெபியன் லினக்ஸ் அடிப்படையிலான இலவச சாப்ட்வேர். குறைந்த ரேமிலும் ஓடும். இந்த சர்வரின் மதர்போர்டிலேயே ஒரு யு.எஸ்.பி. போர்ட் இருக்கிறது. அதில் 16 ஜிபி பென் டிரைவைச் செருகி அதிலேயே இன்ஸ்டால் செய்தால் நான்கு தட்டுகளும் டேட்டாவுக்கே மிஞ்சும். இன்ஸ்டால் செய்யும்போது டேட்டா டிஸ்க்குகளைக் கழற்றி வைத்துவிடுங்கள். தவறான டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து அழித்துவிடும் ஆபத்து இருக்காது. பென் டிரைவ் சீக்கிரம் தேயாமல் இருக்க ‘பிளாஷ் மெமரி’ என்ற பிளக்-இன்னையும் சேர்த்துவிடுங்கள்.

இதற்குப் பிறகு மானிட்டர், கீபோர்டு தேவையில்லை. வேறு கம்ப்யூட்டரின் பிரவுசரில் சர்வரின் ஐ.பி. எண்ணை (எடுத்துக்காட்டாக 192.168.1.50) டைப் செய்தால் நிர்வாகப் பக்கம் திறக்கும். பாஸ்வேர்டை உடனே மாற்றுங்கள். பிறகு வரிசையாக:

1. ‘ஸ்டோரேஜ்’ பகுதியில் டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து, இ.எக்ஸ்.டி.4 முறையில் பார்மட் செய்து மவுண்ட் செய்யுங்கள்.
2. ‘யூசர்ஸ்’ பகுதியில் வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர், பாஸ்வேர்டு கொடுங்கள்.
3. ‘ஷேர்டு போல்டர்ஸ்’ பகுதியில் போட்டோ, வீடியோ, ஆவணங்கள் எனத் தனித்தனி போல்டர்கள் அமையுங்கள்.
4. ‘சர்வீசஸ்’ பகுதியில் எஸ்.எம்.பி.யை இயக்கி அந்த போல்டர்களைச் சேருங்கள்.

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் மேலே ஒரு மஞ்சள் பட்டை வரும். அதில் உள்ள டிக் குறியைக் க்ளிக் செய்தால்தான் மாற்றம் நடைமுறைக்கு வரும். புதியவர்கள் பலர் தடுமாறுவது இங்கேதான்.

சர்வரையும் ரவுட்டரையும் கேபிளால் இணையுங்கள். ரவுட்டரில் 100 மெகாபிட் போர்ட்தான் இருந்தால் 100 ஜிபி காப்பி ஆக சுமார் இரண்டரை மணி நேரம் ஆகும். கிகாபிட் போர்ட் என்றால் இருபது நிமிடம் அளவில் முடிந்துவிடும்.

டிவியில் படம் பார்க்க ‘மினி டி.எல்.என்.ஏ.’ பிளக்-இன் போதும். டிவியின் சோர்ஸ் பட்டியலில் சர்வர் தானாகத் தெரியும். ஒன்றை நினைவில் வையுங்கள்: வீடியோவை உடனுக்குடன் வேறு பார்மட்டுக்கு மாற்றித் தரும் சக்தி இந்தப் பிராசசருக்கு இல்லை. டிவிக்குத் தெரிந்த பார்மட்டில் பைல் இருக்க வேண்டும்.

நான் செய்த தவறு

ஆரம்பத்தில் இரண்டு டிஸ்க்குகளை ‘ரெய்டு 1’ முறையில் இணைத்திருந்தேன. ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அப்படியே எழுதப்படும். ஒரு டிஸ்க் கெட்டாலும் மற்றது இருக்கிறது என்ற தைரியத்தில் லேப்டாப்பில் இருந்தவற்றை அழித்துவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு முறை காப்பி ஆன போல்டர்களை நீக்கும்போது அக்கா திருமண போல்டரையே நீக்கிவிட்டேன். விண்டோஸின் ரீசைக்கிள் பின்னில் தேடினேன், இல்லை. நெட்வொர்க் போல்டரில் இருந்து அழிக்கும் பைல்கள் அங்கே போவதில்லை. ரெய்டும் தன் வேலையைச் சரியாகச் செய்து, இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நொடியில் அழித்திருந்தது.

அக்காவுக்கு எக்ஸ்டெர்னல் டிஸ்க்கில் போட்டுக் கொடுத்திருந்ததால் பெரும்பாலான போட்டோக்கள் திரும்பக் கிடைத்தன. பின்னால் சேர்த்த, பாட்டி பேசும் இரண்டு வீடியோக்கள் கிடைக்கவில்லை. பாட்டி இப்போது இல்லை.

ரெய்டு என்பது டிஸ்க் கெட்டுப்போவதில் இருந்து மட்டுமே காக்கும். நம் கை தவறுவதில் இருந்தும், வைரஸில் இருந்தும், திருட்டில் இருந்தும் காக்காது. எனவே ரெய்டைப் பிரித்துவிட்டு இப்படி மாற்றினேன்:

1. எஸ்.எம்.பி. பகுதியில் ஒவ்வொரு போல்டருக்கும் ‘ரீசைக்கிள் பின்’ வசதியை இயக்கினேன்.
2. தினமும் இரவில் முதல் டிஸ்க்கில் இருந்து இரண்டாவது டிஸ்க்குக்கு ‘ஆர்-சிங்க்’ மூலம் காப்பி ஆகிறது. இதில் ‘டெலிட்’ என்ற கட்டத்தில் டிக் செய்யக் கூடாது. செய்தால் முதல் டிஸ்க்கில் அழித்தது அன்றிரவே இரண்டாவதிலும் அழிந்துவிடும்.
3. மாதம் ஒரு முறை எக்ஸ்டெர்னல் டிஸ்க்கில் காப்பி எடுத்து அக்கா வீட்டில் வைக்கிறேன்.

மின்சாரம்

இரண்டு டிஸ்க்குகளுடன் என் சர்வர் சுமார் 35 வாட் எடுக்கிறது. நாள் முழுவதும் ஓடினால் இரண்டு மாத பில்லில் 50 யூனிட் கூடும். நான் மாலையில் ஆன் செய்கிறேன். இரவு காப்பி முடிந்ததும் தானாக ஆப் ஆகும்படி நேரம் கொடுத்திருக்கிறேன். திடீர் மின்வெட்டு பைல்களைக் கெடுக்கும் என்பதால் ஒரு சிறிய யு.பி.எஸ். அவசியம்.

சர்வரை வெளியில் இருந்து பார்க்கும் ஆசையில் ரவுட்டரில் போர்ட்டைத் திறந்து விடாதீர்கள். வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. காப்பி எடுத்தால் மட்டும் போதாது. மாதம் ஒரு முறை அந்தக் காப்பியில் இருந்து நான்கைந்து பைல்களைத் திறந்து பாருங்கள். அவை திறந்தால்தான் உங்களிடம் காப்பி இருக்கிறது என்று அர்த்தம்.