நேட்டால் போனவரின் எண்

தென்னாப்பிரிக்காவிலிருந்து பூர்வீகம் தேடி வரும் தமிழர் பலர் கையில் இருப்பவை இரண்டுதான்: ஓர் ஊர்ப் பெயர், ஒரு சாதிப் பட்டம். இரண்டையும் நம்பித் தேடினால் தவறான வாசலில் போய் நிற்க நேரும். கரும்புத் தோட்டத்துக்குப் போன முன்னோரின் வாழ்க்கையை அறிய முதலில் பிடிக்க வேண்டியது அவருக்குத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் இடப்பட்ட குடியேற்ற எண். 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து கிளம்பிய 'ட்ரூரோ' கப்பல் நவம்பர் 16 அன்று 342 பேருடன் டர்பனை அடைந்தது. 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குப் போனவர்கள் சுமார் 1,52,000 பேர். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பலேறியவர்கள். ஆண், பெண், குழந்தை என்று பாராமல் ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே ஓர் எண் விழுந்தது.

அந்தக் கப்பல் பட்டியல்கள் இன்றும் இருக்கின்றன. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் அடையாளம் என்று வரிசையாகப் பத்திகள். தழும்பையும் மச்சத்தையும் எழுதியது ஓடிப்போனால் பிடிப்பதற்காக. ஆனால் புகைப்படமே இல்லாத ஒருவரின் உடலைப் பற்றி இன்று நமக்கு மிஞ்சியிருப்பது அந்தக் குறிப்புதான். அவர் சென்ற வழியையும் ஓரளவு ஊகிக்கலாம். 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ரயில் ஓடத் தொடங்கியது. நேட்டாலுக்கு மிகுதியாக ஆள் அனுப்பிய ஜில்லாக்களில் ஒன்று வட ஆற்காடு. அங்கிருந்து வந்தவர்களில் பலர் ராயபுரம் நிலையத்தில் இறங்கியிருக்க வாய்ப்புண்டு. சென்னையில் செயற்கைத் துறைமுகத்தின் வேலை தொடங்கியதே 1875-இல்தான். அதற்கு முன் கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நின்றன. ஆணியில்லாமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகில் ஏறி, அலையைத் தாண்டித்தான் கப்பலை அடைய வேண்டும்.

பட்டியலில் பிழைகள் மலிந்திருக்கின்றன, அதை எப்படி நம்புவது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தமிழ் தெரியாத எழுத்தர் காதில் விழுந்ததை எழுதினார். சாதிப் பத்தியில் பல இடங்களில் 'மலபார்' என்றும் 'ஜெண்டு' என்றும் மொழியைக் குறிக்கும் சொற்களே நிற்கின்றன. சாதியை மறைத்தவர்களும் மாற்றிச் சொன்னவர்களும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் கவுண்டர் 'கோவெண்டர்' ஆனார், முதலி 'மூட்லி' ஆனார். வேறு பல குடும்பங்களுக்குத் தகப்பனின் பெயரே குடும்பப் பெயராக நிலைத்துவிட்டது. ஆகவே பட்டத்தை வைத்துச் சாதியைத் தீர்மானிப்பது பொருந்தாது. ஜில்லாவும் அப்படித்தான். பழைய வட ஆற்காட்டின் ஒரு பகுதி 1911-இல் சித்தூர் மாவட்டமாயிற்று, இன்று ஆந்திரத்தில் இருக்கிறது. எஞ்சியது 1989-இலும் 2019-இலும் மறுபடி பிரிந்தது. ஆகவே இன்றைய வேலூர் மாவட்டத்தில் மட்டும் தேடுபவருக்கு ஊர் அகப்படாமல் போகலாம். இத்தனை குழப்பத்துக்கு நடுவே மாறாதது எண் ஒன்றுதான். பிழை மலிந்த பட்டியல் என்பதாலேயே எண்ணிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

காரணம், அந்த எண் கப்பலோடு நின்றுவிடுவதில்லை. எந்த முதலாளியிடம் ஐந்தாண்டு ஒப்பந்தம், எப்போது கல்யாணம் பதிவானது, எப்போது ஒப்பந்தம் முடிந்து விடுதலையானார், திரும்பக் கப்பலேறினாரா என்று ஆவணம் ஆவணமாக அது தொடர்கிறது. இந்தியக் குடியேறிகளின் பாதுகாவலர் அலுவலகத்துக்குப் போன முறையீடுகளிலும் அது வரும். 1894-இல் முன்பற்கள் உடைந்து இரத்தம் வழிய காந்தியின் அலுவலகத்துக்கு வந்த பாலசுந்தரம் என்ற தமிழ்த் தொழிலாளி, கடைசியில் வேறு முதலாளிக்கு மாற்றப்பட்டார். அவர் கதையை நாம் அறிவது காந்தி எழுதிவைத்ததால். எழுத ஆளில்லாத ஆயிரக்கணக்கானவர்களின் அடியும் பட்டினியும் இந்தத் தாள்களில்தான் கிடக்கின்றன. பெண்களுக்கு இது இன்னும் முக்கியம். நம் வம்சாவளிகளில் பெண் பெரும்பாலும் யாருடைய மனைவி, யாருடைய தாய் என்றே நிற்கிறாள். கப்பல் பட்டியலில் அவளுக்குத் தனி வரி, தனி எண். தகப்பன் பெயரும் அதே வரியில் உண்டு.

மனிதரை எண்ணாக்கிய ஆட்சியின் குறியை நாமும் பிடித்துக்கொண்டு அலைவது அவமானமில்லையா என்பது கடுமையான ஆட்சேபம். அந்த எண் கணக்குக்காகவும் கண்காணிப்புக்காகவும் இடப்பட்டது, அதில் ஐயமில்லை. ஆனால் அதை ஒதுக்கிவிட்டால், அவர்கள் மாதம் பத்து ஷில்லிங் கூலிக்கு உழைத்ததற்கும், எதிர்த்து நின்றதற்கும் இருக்கும் சாட்சியையும் சேர்த்து ஒதுக்குகிறோம். குற்றம் செய்தவரின் கணக்குப் புத்தகம் குற்றத்துக்கே சாட்சியாவதை நாம் எந்த வழக்கிலும் ஏற்கிறோம். சொந்தச் செலவில் போன வணிகர்களுக்கு இந்த எண் கிடையாது என்பது உண்மை. அவர்களைத் தேட வேறு வழி வேண்டும்.

தேடலின் மறுபாதி நம் கரையில் இருக்கிறது. போனவர்களில் பலர் திரும்பியிருக்கிறார்கள். 1910-இல் டிரான்ஸ்வாலிலிருந்து நாடுகடத்தப்பட்ட சத்தியாகிரகிகள் சென்னையில் இறங்கியபோது அவர்களுக்குக் கைகொடுத்தவர் பதிப்பாளர் ஜி.ஏ. நடேசன். இந்திய, தென்னாப்பிரிக்க அரசுகள் 1927-இல் செய்துகொண்ட கேப் டவுன் உடன்பாட்டுக்குப் பிறகும் குடும்பம் குடும்பமாகத் திரும்பினார்கள். அவர்களில் பலர் தென்னாப்பிரிக்காவிலேயே பிறந்தவர்கள். ஆகவே டர்பனிலிருந்து வருபவர் மட்டும் தேடினால் பாதிதான் கிடைக்கும். நேட்டாலுக்குப் போய்த் திரும்பிய தாத்தாவைப் பற்றிப் பேச்சாகக் கேட்டிருக்கும் வடசென்னைக் குடும்பமோ ஆற்காட்டுக் குடும்பமோ பழைய பெட்டியில் ஒரு சான்றிதழ் வைத்திருந்தால், அதில் முதலில் பார்க்க வேண்டியது ஓர் எண் இருக்கிறதா என்பதைத்தான்.