குடித்தனம் வைக்க எந்த ஊர்?

"சிவகாசியா? கைக்குழந்தையை வச்சுக்கிட்டு அந்தப் பட்டாசு ஊர்லயா குடித்தனம் பண்ணப் போறே?"

என்னவருக்கு சிவகாசியில் ஒரு ஆப்செட் அச்சகத்தில் வேலை கிடைத்ததும் உறவு ஜனம் அத்தனையும் இதையேதான் கேட்டது. எனக்கோ உள்ளுக்குள் சந்தோஷம். சென்னையில் இரண்டு அறை வீட்டில், பால்கனியில் துணி காயப் போடக்கூட இடமில்லாமல் ஐந்து வருஷம் தள்ளியாகிவிட்டது. சின்ன ஊர், காற்றோட்டமான வீடு, வாசலில் கோலம் போட இடம், குழந்தைகள் நடந்தே போய்வர ஒரு பள்ளிக்கூடம். இதற்கு மேல் என்ன வேண்டும்?

வேண்டியது நிறைய இருக்கிறது என்று வீடு பார்க்கப் போனபோதுதான் தெரிந்தது.

முதலில் தண்ணீர். விருதுநகர், சாத்தூர், சிவகாசி எல்லாமே மழை குறைந்த கரிசல் பூமி. 1922-ல் அய்யநாடாரும் சண்முகநாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்து இங்கே ஆரம்பித்தார்கள். விவசாயத்துக்கு உதவாத அந்த வறண்ட வெயில், தீக்குச்சி காய்வதற்கும் மருந்து உலர்வதற்கும் தோதாகப் போயிற்று. ஊருக்குச் சோறு போடுகிற அதே வெயில்தான், இல்லத்தரசியின் குடத்தைக் காலியாகவும் வைக்கிறது. தாமிரபரணித் தண்ணீரை எங்கிருந்தோ குழாயில் கொண்டுவந்துதான் இந்த ஊர்கள் குடிக்கின்றன.

சிவகாசியில் ஒரு வீடு பார்த்தோம். ஹால், மொசைக் தரை, மாடிப்படி எல்லாம் பிரமாதம். பக்கத்து வீட்டு அம்மாளிடம், "தண்ணி எப்படிக்கா வருது?" என்றேன். "அதை ஏன் கேக்குறீங்க? உள்ளே வந்து குடத்தை எண்ணிப் பாருங்க, தெரியும்" என்று சிரித்தார். எண்ணினேன். பதினேழு குடம், மூன்று டிரம். வீட்டுக்காரரிடம் கேட்டால் "தண்ணிக்குப் பஞ்சமே இல்லை" என்பார். ஆகவே, பக்கத்து வீட்டு அம்மாளைத்தான் கேட்க வேண்டும்.

ஆழ்துளைக் கிணறு இருக்கிறதே என்று திருப்திப்படவும் முடியாது. உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, குழந்தையின் தலைமுடி கயிறாகத் திரிந்துவிடும். நான் பார்த்த வீடுகளிலிருந்தெல்லாம் ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்து வந்து, ஒரு பிடி துவரம்பருப்பு வேகவைத்துப் பார்த்தேன். என்னவர் கேலி செய்தார். செய்துவிட்டுப் போகட்டும்!

விருதுநகர் எனக்கு ரொம்பப் பிடித்தது. பருப்பு, வற்றல், மல்லி, எண்ணெய் எல்லாம் மொத்த வியாபாரம் நடக்கிற ஊர். மாத மளிகையைத் தரம் பார்த்து வாங்கலாம். மதுரை, திருநெல்வேலி, தென்காசி, மானாமதுரை என்று நாலு பக்கமும் ரயில். 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. பெண்களுக்கென்று 1962-லேயே கல்லூரி தொடங்கிய ஊர். காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது, அவருடைய தாயார் வீட்டுக்குள் தனியாகப் போட்ட குடிதண்ணீர்க் குழாயை எடுத்துவிடச் சொன்னாராம். இன்றும் அந்த ஊர்ப் பெரியவர்கள் சொல்கிறார்கள். தண்ணீரின் அருமை தெரிந்த ஊர்!

ஆனால் என் மனசை அள்ளிக்கொண்டது வேறொரு வீடு. சிவகாசிக்கு வெளியே ஒரு கிராமம், பெயர் வேண்டாம். ஓட்டு வீடு, பெரிய முற்றம், வேப்பமரம், கிணற்றில் கை எட்டும் ஆழத்தில் தண்ணீர்! வாடகையும் பாதிதான். அட்வான்ஸ் கொடுக்கப் பையைத் திறந்துவிட்டேன். அப்போது கிணற்றடியில் இரண்டு பெண்கள் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். கழுவக் கழுவ விரலிலிருந்து வெள்ளிப் பொடி வழிந்தது. பின்கட்டில் பூட்டின ஓர் அறை. லேசாகக் கந்தக வாடை.

"அது என்னங்க ரூம்?"

"அது சும்மா, சாமான் போட்டு வச்சிருக்கோம், தாயி" என்றார் வீட்டுக்காரர்.

பையை மூடிவிட்டேன்.

இதை விளக்கமாகச் சொல்ல வேண்டும். வீட்டில் உட்கார்ந்து காலிக் காகிதக் குழாய் சுற்றுவதோ, தீப்பெட்டிக்கு அட்டை ஒட்டுவதோ வெடிக்கிற வேலை இல்லை. அதில் மருந்து கிடையாது. (நமக்கு மருந்தென்றால் இருமல் மருந்து; அங்கே மருந்தென்றால் வெடிமருந்து.) மருந்து வீட்டுக்குள் வந்தால்தான் ஆபத்து. லைசென்ஸ் வாங்கிய பட்டாசு ஆலைகள் குடியிருப்பை விட்டுத் தள்ளி, பொட்டலில் சின்னச் சின்ன அறைகளாக, அறைக்கும் அறைக்கும் இடைவெளி விட்டுக் கட்டப்பட்டிருக்கும். அறைக்கு நாலு பேருக்கு மேல் கூடாது. ஓர் இடத்தில் பற்றினாலும் மற்ற இடத்துக்குப் பரவாமல் இருக்கத்தான் இத்தனையும். மருந்தைக் கலக்கும்போது சின்ன உராய்வு போதும். அந்த வேலை வீட்டில் நடந்தால், சுவருக்கு இந்தப் பக்கம் நம் தொட்டில் ஆடிக்கொண்டிருக்கும். வெம்பக்கோட்டை வட்டாரத்தில் இப்படி வீட்டில் வைத்துச் செய்து வெடித்த செய்திகளை நாம் பேப்பரில் படித்துத்தானே இருக்கிறோம்?

இன்னொன்றும் அங்குள்ளவர்கள் எனக்குச் சொல்லித் தந்தார்கள். வெடிச் சத்தம் கேட்டால் பார்க்க ஓடாதே. 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டி ஆலை விபத்தில் ஏறக்குறைய 40 பேர் போனார்கள். உதவி செய்ய ஓடினவர்களும், வேடிக்கை பார்க்கப் போனவர்களும் அதில் உண்டு. அந்தப் பக்கம் குடியிருக்கிற தாய்மார்கள் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வைப்பது நல்லது. தீக்காயம் பட்டால் குழாய்த் தண்ணீரை இருபது நிமிஷம் விட வேண்டும். இங்க், பற்பசை எதுவும் தடவாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக வேண்டும்.

இதனால் சிவகாசியே ஆகாது என்று நான் சொல்லவில்லை. ஊருக்குள்ளே முக்கால்வாசி அச்சகமும் கடையும்தான். காலண்டர், டைரி, நோட்டுப் புத்தகம் என்று வருஷம் முழுக்க வேலை இருக்கிற ஊர். உழைக்காமல் உட்கார்ந்திருக்கிற ஆளை அங்கே நான் பார்க்கவில்லை.

கடைசியில் நாங்கள் வீடு பிடித்தது ஸ்ரீவில்லிபுத்தூரில். "ஆண்டாள் பொறந்த ஊரு, யோசிக்காதே" என்று அத்தை சொன்னது ஒரு காரணம். சிவகாசிக்கு இருபது கிலோமீட்டர்தான். பஸ்ஸும் உண்டு, ரயிலும் உண்டு. மேற்கே மலை தெரிகிறது. எங்கள் தெருத் தண்ணீரில் பருப்பு வெந்தது! பதினோரு நிலைக் கோபுரத்தைப் பார்த்தபடி மூத்தவள் சாப்பிடுகிறாள். பால்கோவாக் கடைகளைத் தாண்டி அவளைக் கூட்டி வருவதுதான் பெரும்பாடு.

கஷ்டம் இல்லாமல் இல்லை. ஆடி பதினெட்டுக்கு அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பம் வெளியாகும். அதிலிருந்து மார்கழி வரை அச்சகத்தில் ராப்பகலாக வேலை. என்னவர் வீடு திரும்பும்போது இரண்டும் தூங்கிப் போயிருக்கும். ஆடிப்பூரத் தேரன்று தெருவில் கால் வைக்க இடம் கிடையாது. சித்திரை, வைகாசியில் இங்கேயும் தண்ணீர் லாரியை எதிர்பார்த்து நிற்கிறோம். அதனால்தான் சொல்கிறேன், வீடு பார்க்கிறவர்கள் மார்கழிக் குளிரில் போகாதீர்கள். சித்திரை வெயிலில், மத்தியானம் இரண்டு மணிக்குப் போங்கள். பின்கட்டையும் ஒரு நடை பார்த்துவிட்டு அப்புறம் அட்வான்ஸ் கொடுங்கள்.