குடோன் தூணையும் தட்டிப் பார்க்கலாம்

பானை வாங்குகிறவர் தட்டிப் பார்த்து வாங்குவார். நெல் மூட்டைக்குக் குத்தூசி போடுவோம். ஊசி போன இடத்தில் சாக்கு ஓட்டையாகும். குடோன் தூணைத் துளைத்துக் கான்கிரீட் துண்டு எடுத்து நசுக்கிப் பார்ப்பது குத்தூசி முறை. தட்டிப் பார்க்கும் முறைக்கு அல்ட்ராசோனிக் சோதனை என்று பெயர். தூணுக்குச் சேதாரம் இல்லை.

மனிதக் காதுக்கு வினாடிக்கு 20,000 அதிர்வு வரைதான் கேட்கும். கான்கிரீட்டுக்கு வழக்கமாக 54,000 அதிர்வுள்ள ஒலியை அனுப்புகிறார்கள். தூணின் ஒரு பக்கம் அனுப்பும் முனை, எதிர்ப்பக்கம் வாங்கும் முனை. இடையில் காற்று புகாமலிருக்கக் கிரீஸ் தடவுவார்கள். ஒலி கடந்த நேரத்தைக் கருவி காட்டும். ஒரு வினாடியைப் பத்து லட்சம் கூறு போட்டு, அதில் 75 கூறு நேரத்தில் 30 செ.மீ. தூணைக் கடந்தால், வேகம் வினாடிக்கு 4 கிலோ மீட்டர். உள்ளே பொந்தோ வெடிப்போ இருந்தால் ஒலி சுற்றி வரும், நேரம் கூடும். 1992இன் இந்தியத் தர நிர்ணயம் 3.5க்கு மேல் நல்லது, 3க்குக் கீழ் சந்தேகம் என்று வகுத்தது. 2018இல் புதிய நிர்ணயம் வந்தது.

நமக்கு இது எதற்கு? கடைவீதிகளில் வீடாகக் கட்டிய மாடியிலேயே பலர் சரக்கு அடுக்குகிறோம். வீட்டுத் தளத்துக்குப் பொறியாளர் கணக்கிடும் பாரம் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ. 50 கிலோ சர்க்கரை மூட்டையைப் பத்து அடுக்கு ஏற்றினால் அதே இடத்தில் ஆயிரம் கிலோ அளவுக்கு நிற்கிறது. கீழே கல்லாவில் நாம், பக்கத்தில் மூட்டை இறக்கும் தொழிலாளர்கள். வெடிப்பு தெரிந்தால் கொத்தனாரை அழைத்துப் பூசிவிடுகிறோம். வராத கடனைப் பேரேட்டில் வரவு எழுதுவது போன்றதுதான் அது!

இந்தச் சோதனையே எல்லாவற்றையும் சொல்லிவிடாது. ஈரக் கான்கிரீட்டிலும், கம்பி ஓடும் திசையிலும் ஒலி வேகமாகப் போய், நல்லது போலக் காட்டும். கம்பியின் துருவை அறிய வேறு மின் சோதனை உண்டு. தளம் எத்தனை மூட்டை தாங்கும் என்பதைக் கட்டடப் பொறியாளர்தான் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும்.

பொறியியல் கல்லூரிகளிலும் தனியார் பரிசோதனைக் கூடங்களிலும் கட்டணத்துக்குச் செய்கிறார்கள். சோதிக்கும் இடத்தில் பூச்சைக் கொத்தி எடுக்க வேண்டும். தூணின் இரு பக்கமும் ஆள் நிற்க இடம் வேண்டும். சரக்கு குறைந்த மாதத்தில் வைத்துக்கொண்டால் சௌகரியம். தூணின் அடி, நடு, தலை மூன்றிலும் எடுத்த எண்களைத் தனித்தனியாக எழுதி வாங்குங்கள்.