பேஸ் கேக்கலையே பாஸ்!

கல்ச்சுரல்ஸ் மேடை. லீட் கிடார் பார்ட்டிக்கு விசில். டிரம்மருக்கு விசில். பாடுற பொண்ணுக்கு விசில் ப்ளஸ் பேப்பர் ராக்கெட். ஓரமா நாலு கம்பியோட ஒருத்தர் நிப்பாரே, அவர்தான் பேஸ் கிடாரிஸ்ட். அவர் வாசிச்சது மூணாவது வரிசை வரைக்கும்கூட வந்து சேர்ந்திருக்காது. பாவம், கோளாறு பெரும்பாலும் அவர் விரல்ல இல்லை. முதுகுக்குப் பின்னாடி இருக்கிற பெட்டியில!

இளையராஜா பாட்டுல பேஸ் எப்படித் தனியா ஒரு கதை சொல்லிட்டே போகும்னு ஹெட்போன் மாட்டிக் கேட்டவங்களுக்குத் தெரியும். மேடையிலும் அது கேக்கணும்னா கொஞ்சம் ஃபிசிக்ஸ் வேணும். (அரியர் விழுற அளவுக்கு இல்லை, பயப்படாதீங்க.)

பேஸ் கிடாரோட தடிமனான 'இ' கம்பியை மீட்டினா நொடிக்கு சுமார் 41 அதிர்வு. சாதா கிடார்ல அதே 'இ' 82. அந்த 41 ஹெர்ட்ஸ் அலையோட நீளம் 8 மீட்டருக்கு மேல. டவுன் பஸ்ஸைவிடக் கொஞ்சம்தான் குட்டை! அதைக் கிளப்ப ஸ்பீக்கர் நிறைய காற்றைத் தள்ளியாகணும். கிடார் ஆம்ப் ஸ்பீக்கர் அவ்வளவு தூரம் முன்னும் பின்னும் ஓடப் பொறந்தது இல்லை. 'சும்மா அதுலயே செருகிக்கோ மச்சி'ன்னு எவனாவது சொன்னா, சத்தத்தைக் கூட்டும்போது கிழியப்போறது அந்த ஸ்பீக்கர்தான்.

லியோ ஃபெண்டர் 1951-ல் பிரிசிஷன் பேஸ் கிடாரைக் கொண்டுவந்தார். அடுத்த வருஷமே அதுக்குன்னு 'பேஸ்மேன்' ஆம்ப் வந்தது. அதையும் லீட் பசங்க தள்ளிட்டுப் போயிட்டாங்க! அறுபதுகள்ல ஜிம் மார்ஷல் விற்ற முதல் ஆம்ப்கூட பேஸ்மேன் சர்க்யூட்டைப் பார்த்துப் போட்டதுதான்.

சரி, கடைக்குப் போவோம். முதல் கேள்வியே 'எத்தனை வாட்ஸ்?'தான். அங்கேதான் சறுக்கல். வாட்ஸை ரெண்டு மடங்காக்கினா கூடுறது வெறும் 3 டெசிபல். காதுக்கு 'ரெண்டு மடங்கு சத்தம்'னு தோணவே சுமார் 10 டெசிபல் வேணும், அதாவது பத்து மடங்கு பவர். 200 வாட்ஸை விட்டுட்டு 300-க்குத் தாவினா 2 டெசிபல்கூடத் தேறாது. ஆனா ஸ்பீக்கர் பெட்டியோட 'சென்சிடிவிட்டி' 97-க்குப் பதிலா 100 டெசிபல்னு போட்டிருந்தா, அதுவே பவரை டபுள் பண்ணின மாதிரி. அதே மாதிரி இன்னொரு பெட்டியை ஜோடி சேர்த்தா, ஆம்ப் அதைத் தாங்கும்னா, கிட்டத்தட்ட 6 டெசிபல் வரை கிடைக்கும். ஆக, காசைப் பெட்டியில போடுங்க பாஸ்!

'தாங்கும்னா'ன்னு சொன்னேன் இல்லையா, ஹாஸ்டல் பசங்க மெஸ் பில்லைத் தள்ளிப்போட்டுச் சேர்த்த பணம் புகையா போறது இந்த இடத்துலதான். ஓம் கணக்கு. 8 ஓம் பெட்டி ரெண்டை பேரலல்ல மாட்டினா 4 ஓம். 4 ஓம் பெட்டி ரெண்டு சேர்ந்தா 2. ஆம்ப் பின்பக்கம் 'குறைஞ்சது 4 ஓம்'னு எழுதியிருக்க, நீங்க 2 ஓமைக் கொடுத்தா அது தாங்குறதைவிட அதிக கரன்ட் இழுக்கும், சூடாகும். அதிர்ஷ்டம் இருந்தா பாதிப் பாட்டுல தானா அணைஞ்சிடும். இல்லேன்னா டிரான்சிஸ்டர் காலி. பழைய வால்வ் ஆம்ப்னா இன்னும் கறார்: ஸ்பீக்கர் மாட்டாம ஆன் பண்ணவே கூடாது.

அப்புறம் கேபிள். ஆம்புக்கும் பெட்டிக்கும் நடுவுல கிடார் வயரைச் சொருகுற பழக்கம் நிறைய பேருக்கு உண்டு. முனை ஒரே மாதிரி இருக்கும், உள்ளே இருக்கிறது வேற. மெல்லிசான ஷீல்டு வயர் அது. ஸ்பீக்கருக்குத் தடிமனான ரெண்டு இழை வேணும்.

பெரிய மைதானம்னா மலை மாதிரி பெட்டி வேணுமா? வேணாம். வாடகை சவுண்ட் சிஸ்டம் அண்ணன்கள் ஒரே வரியில முடிச்சிடுவாங்க: "தம்பி, எனக்கு ஒரு லைன் குடுங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்." ஆம்ப் பின்னாடி இருக்கிற டி.ஐ. அவுட்டைத்தான் கேக்கறார். அதுவழியா பேஸ் நேரா மிக்சருக்குப் போயிடும். கூட்டத்துக்குக் கேக்கவைக்கிறது அவர் வேலை. உங்க பெட்டி உங்களுக்கும் டிரம்மருக்கும் கேட்டா போதும். ஸோ, டி.ஐ. இல்லாத ஆம்ப் எவ்வளவு சீப்பா வந்தாலும் வேணாம். பெட்டியைச் சுவர் மூலையிலயும் வைக்காதீங்க. மூலை பேஸை ஊதிப் பெருக்கும், 'பூம்ம்ம்'னு மட்டும் கேக்கும். நாற்காலி மேல தூக்கி வச்சாலே நோட் தெளியும்.

1969-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் அமெரிக்க டூருக்குப் போன ஆம்பெக் எஸ்.வி.டி. 300 வாட்ஸ் வால்வ் ராட்சசன். அதோட ஹெட் மட்டுமே 40 கிலோவை ஒட்டி வரும். பத்து இன்ச் ஸ்பீக்கர் எட்டு வச்ச பெட்டி தனி. இப்போ கிளாஸ்-டி சர்க்யூட்ல 500 வாட்ஸ் ஹெட் மூணு கிலோவுக்குள்ளயே இருக்கு, ஸ்கூல் பேக்ல அடங்கும்! என் ஓட்டு அதுக்குத்தான். கூடவே 8 ஓம்ல, பத்து இன்ச் ஸ்பீக்கர் ரெண்டு உள்ள ஒரு பெட்டி. அடுத்த வருஷம் காசு சேர்ந்ததும் அதே மாதிரி இன்னொண்ணு. மறக்காம கடையிலயே பெட்டியை ஒரு தடவை தூக்கிப் பாருங்க. ஹாஸ்டல் மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது!